மண்ணுக்குத் தலைவன் யார்?

தலைமை என்னும் சொல் நம்மவரிடையே பெரிதும் வழங்குவது. சங்கத்துக்கு ஒரு தலைவர், கோயிலுக்கு ஒரு தலைவர், பள்ளி வாரியத்துக்கு ஒரு தலைவர், பந்தாட்டக் குழுவுக்கும் ஒரு தலைவர் என, பத்துப்பேர் கூடுமிடத்தில் எட்டுப்பேருக்காவது ஏதேனும் ஒரு பதவி கிடைத்துவிடுகின்றது. பதவி கிடைத்தபின் மாலையும் கிடைக்கின்றது; மாலை வாடுமுன் நிழற்படமும் எடுத்தாகின்றது. ஆயின், அவர் எதற்குத் தலைவர், யாருக்குப் பொறுப்பாளி, அவர் செய்யும் பிழையின் பயனை அனுபவிப்போர் யாவர் என்று வினவுவோர் மிகச் சிலரே. இவ்வினாவை யாம் இன்று எழுப்பும்படி செய்தது ஒரு மழை.

யாம் தோட்டமொன்றின் ஆபீஸில் கணக்கெழுதிப் பிழைப்போர். சில ஆண்டுகளுக்கு முன் எமது தோட்டத்தில் பழைய மரங்களைச் சாய்த்துவிட்டு, ஓடைக்கு மேலுள்ள சரிவொன்றில் செம்பனை நடும் ஏற்பாடு நடந்தது. கன்று வைக்குமுன் சரிவு முழுதும் புல்பூண்டின்றித் துப்புரவாக இருத்தல் வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு பிறந்தது. அவ்வுத்தரவை ஆள்கணக்காகவும் மருந்துக்கணக்காகவும் மாற்றி எழுதியது எமது கை. காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுக்கையில், நாற்பது ஆண்டு அத்தோட்டத்திலேயே உழைத்த பெரியவர் ஒருவர் எம்மிடம் வந்து, "கிராணி ஐயா, இந்த மேட்டை மொட்டை அடித்தால் மழைக்கு நிற்காது. ஓடைப்பக்கமாவது புல் கிடக்கட்டும், மானேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். அவர் சொன்னது மெய்யென்பது எமக்குத் தெரியும். ஆயினும் யாம் சொல்லவில்லை. கேட்ட வேலையைச் செய்வதே கிராணியின் கடமை என்று எமக்கு நாமே ஒரு சமாதானம் கூறிக்கொண்டோம். மூன்று வாரங்கழித்து மழை கொட்டியது. ஓரிரவில் அச்சரிவின் மேல்மண் ஓடையிற் கலந்து, லயத்துப் பெண்கள் துணி துவைக்கும் நீர் செங்கல்லைக் கரைத்தாற்போல் ஓடிற்று. உத்தரவு எம்முடையதன்று, மண் எம்முடையதன்று, மழையும் எம்முடையதன்று. எனினும் அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

அதன்பின்னரே, மண்ணைக் காப்பதற்கென்றே ஓர் அரசாங்கம் ஏற்படுத்திய இலாகாவின் வரலாற்றை யாம் தேடிப் படிக்கலானோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மண்காப்புச் சேவை என்பதே அவ்விலாகா. அதன் கதையில் நம் வினாவுக்கு ஒரு விடையும், அவ்விடைக்கு ஓர் எச்சரிக்கையும் ஒருங்கே கிடைக்கின்றன. ஆதலின் அதனை அன்பர்கட்கு எடுத்துரைப்போம்.

அவ்விலாகாவின் முதல் தலைவர் ஹியூ ஹாமண்ட் பென்னட் என்பார். 1881-ஆம் ஆண்டில் வட கரோலினா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்திற் பிறந்தவர். 1903-இல் கல்லூரிப் படிப்பு முடிந்ததும் சர்க்காரின் மண் ஆய்வுப் பகுதியில் ஒரு சிறு உத்தியோகத்தில் அமர்ந்தார். ஊர் ஊராகச் சென்று நிலத்தைத் தோண்டிப் பார்த்து, இன்ன இடத்தில் இன்ன மண் என்று வரைபடம் எழுதுவதே அவர் வேலை. 1905-இல் வர்ஜீனியா மாநிலத்தின் லூயிசா என்னும் பகுதியில் அவ்வாறு சுற்றி வருகையில், அடுத்தடுத்திருந்த இரண்டு நிலங்களைக் கண்டார். ஒன்று மரமடர்ந்த காடு. அதன் மண் கருத்து, மெத்தென்று, ஈரங்காத்துக் கிடந்தது. மற்றொன்று நெடுநாள் உழுது பயிரிட்ட வயல். அதன் மேனியில் மெல்லிய மண் முழுதும் போய், அடியிலிருந்த களி இறுகித் தோன்றிற்று. இரண்டும் ஒரே நிலமாய் இருந்தவையே. பெரும்பள்ளம் எதுவும் விழாமல், மழை ஒவ்வொன்றும் ஒரு தாளின் கனத்தளவு மண்ணை உரித்துக்கொண்டு போயிருக்கின்றது. உழுதவனுக்கும் அது தெரியவில்லை.

இதிலென்ன விந்தை என்று கேட்கலாம். விந்தை இதுவே: அவர் வேலை பார்த்த அதே இலாகா, 1909-இல் வெளியிட்ட தன் அறிக்கையில், மண்ணென்பது அழியாத செல்வம், எத்துணைப் பயன்படுத்தினும் தீராதது என்று எழுதிவைத்தது. மேலதிகாரிகளின் முடிந்த முடிபு அது. கீழே வரைபடம் எழுதுபவனின் கண் கண்டதோ அதற்கு நேர்மாறு. இவ்விடத்தில் ஒரு சாதாரண உத்தியோகஸ்தன் செய்வது யாதெனில், எமது தோட்டத்தில் யாம் செய்ததே: வாய்பொத்தி, மேலோர் எழுதியதையே தானும் நகலெடுப்பது. பென்னட் அங்ஙனம் செய்திலர். தாம் கண்டதை ஆண்டுதோறும் எழுதினார், பேசினார், கேளாதாரிடத்தும் பேசினார். 1928-இல் சாப்லைன் என்பாருடன் சேர்ந்து, மண் அரிப்பு நாட்டுக்கே நேர்ந்த பேராபத்து என்று ஒரு சிறு பிரசுரத்தைத் தம் விவசாய இலாகாவின் பேராலேயே வெளியிட்டார். அதன் மறுவாண்டு, மண் அரிப்பை ஆராயும் நிலையங்களுக்காகச் சட்டசபை 1,60,000 டாலர் ஒதுக்கிற்று. லூயிசாவில் கண்டதற்கும் இதற்கும் இடையே இருபத்துநான்கு ஆண்டுகள். அவ்விருபத்துநான்கு ஆண்டுகளிலும் அவருக்கு மண்காப்புத் தலைவர் என்ற பதவி இல்லை. ஆயினும் தலைமைக்குரிய செயலை அவர் அப்பொழுதே செய்துவந்தார் என்போம். பதவி பின்னர் வந்தது. தலைமை முன்னரே இருந்தது.

1933-இல் மண் அரிப்புச் சேவை என ஒரு தற்காலிக அமைப்பு 50 லட்சம் டாலருடன் தொடங்கப்பட்டு, பென்னட் அதற்கு அதிகாரியானார். அக்காலத்தில் அந்நாட்டின் நடுவேயுள்ள பெரும் புல்வெளிகளில் ஒரு கொடுமை நிகழ்ந்துகொண்டிருந்தது. கோதுமை விலையேறிய காலத்தில் அப்புல்லை எல்லாம் உழுது புரட்டிவிட்டனர். பின்னர் மழை பொய்த்தது. பிடித்துநிற்க வேரின்றி மண் காற்றிலெழுந்தது. 1934 மே மாதத்தில் எழுந்த புழுதிப்புயல் நெடுந்தூரம் கடந்து நியூயார்க்கையும் வாஷிங்டனையும் இருளச் செய்தது; அட்லாண்டிக் கடலில் சென்ற கப்பல்களிலும் புழுதி படிந்தது.

மறுவாண்டு வசந்தத்தில், மண்காப்புக்கு நிரந்தரமான சட்டம் வேண்டி மேற்சபையினரின் குழுவொன்றின் முன் பென்னட் சாட்சி கூறினார். அப்பொழுது மற்றொரு புழுதிப்புயல் வருவதை அவர் முன்னரே அறிந்து, அது வந்துசேரும் வரை பேச்சை நீட்டிக்கொண்டிருந்தார் என்றும், சன்னலுக்கு வெளியே வானம் இருண்டபோது அங்கத்தினர்கள் எழுந்து நின்று பார்த்தனர் என்றும் ஒரு வரலாறு வழங்குகின்றது. இதனைத் தந்திரம் என்று சிலர் கூறலாம். யாம் அவ்வாறு கருதவில்லை. பொய்யான சாட்சியை அவர் கொண்டுவந்திலர். ஆயிரம் மைல் பறந்துவந்த மண்ணையே சாட்சிக்கூண்டில் ஏற்றினார். 1935 ஏப்ரல் 27-இல் சட்டம் நிறைவேறிற்று. மண்காப்புச் சேவை பிறந்தது. 1951 வரை பென்னட் அதற்குத் தலைவராயிருந்தார்.

இனி, அச்சேவையின் அமைப்பைப் பார்ப்போம். நம் வினாவின் உயிர்நிலை அதிலேதான் உள்ளது. நிலம் சர்க்காருடையதன்று, உழவர்களுடையது. அவர் வயலில் இப்படி உழு, அப்படி வரம்பு கட்டு என்று உத்தரவிடும் அதிகாரம் இச்சேவைக்குக் கொடுக்கப்படவில்லை. ஆதலின், 1937-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மாநில கவர்னர்கள் அனைவருக்கும் ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பினார். ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ளூரார் தாமே கூடி ஒரு மண்காப்பு மாவட்டம் அமைத்துக்கொள்ளலாம். அதற்கு உள்ளூரிலிருந்தே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கலாம். சர்க்காரின் நிபுணர் அவர்கட்குத் துணையாக வந்து நிற்பார். முதல் மாவட்டம், பென்னட் பிறந்த பகுதியிலேயே, பிரவுன் கிரீக் என்னும் ஓடையின் பெயரால் அவ்வாண்டு ஆகஸ்டில் அமைந்தது. இன்று அத்தகைய மாவட்டங்கள் ஏறத்தாழ மூவாயிரம் உள்ளன. சேவையின் பெயர் 1994-இல் இயற்கை வளக் காப்புச் சேவை என மாற்றப்பட்டது.

இவ்வமைப்பில் தலைமை பல படிகளாக நிற்கின்றது. வாஷிங்டனில் ஒரு தலைவர். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு மாநிலக் காப்பாளர். வட்டார ஆபீஸில் ஒரு மாவட்டக் காப்பாளர். அவரருகே, உள்ளூரார் நிர்வாகக் குழு. மேலே உள்ளவருக்குப் பணம் கேட்டு வாங்கும் பொறுப்பு. நடுவிலுள்ளவருக்குப் பங்கிடும் பொறுப்பு. கீழே உள்ளவருக்கோ வயலுக்குச் சென்று, சேற்றில் நின்று, உழவனோடு பேசும் பொறுப்பு. இக்கடைசி மனிதரைச் சற்று நினைத்துப் பாருங்கள். அவர் கையில் பிரம்பு இல்லை. அபராதச் சீட்டும் இல்லை. உழவன் முடியாது என்றால், சரி என்று திரும்பிவந்து, மறுவாரம் மீண்டும் செல்லவேண்டியவர் அவர். சரிவின் குறுக்கே உழுதால் நீர் நிற்கும், பயிரையும் புல்லையும் பட்டைபட்டையாய் மாற்றி விதைத்தால் மண் தங்கும் என்பதை, பக்கத்து வயலிற் காட்டியே மெய்ப்பிக்கவேண்டும். விஸ்கான்சின் மாநிலத்துக் கூன் பள்ளத்தாக்கில் 1933-இல் தொடங்கிய முதல் மாதிரி வேலை அங்ஙனமே நடந்தது. உழவர்கள் விரும்பி ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டனர். வேலையற்ற இளைஞர் படையினர் வந்து பாடுபட்டனர். பள்ளம் விழுந்து கிடந்த குன்றுகள் வளைவு வளைவாய்ப் பச்சைப் பட்டைகள் பூண்டன.

கட்டளையிட்டே பழகிய, கட்டளைக்குக் கீழ்ப்படிந்தே பழகிய நமக்கு இது வியப்பாகத் தோன்றும். அதிகாரமில்லாதவன் எங்ஙனம் தலைவனாவான் என்று கேட்போம். ஆயின், அதிகாரம் இருக்குமிடத்தில் தலைமையை அளந்தறிவதே அரிது. பெரட்டில் பெயர் கூப்பிட்டவுடன் ஆட்கள் நடப்பது கூப்பிட்டவனின் பெருமையாலா, சம்பளம் பிடிபடும் என்ற அச்சத்தாலா? யார் சொல்ல முடியும்? அச்சத்தை எடுத்துவிட்டபின்னும் எவன் சொல்லுக்கு நான்குபேர் செவி சாய்க்கின்றனரோ அவனிடத்தில் தலைமை உண்டென்று துணிந்து கூறலாம்.

இவ்வளவோடு நிறுத்தினால் இக்கட்டுரை ஒரு புகழ்மாலையாய் முடிந்துவிடும். உண்மை அதற்கு இடந்தரவில்லை. அதே ஆண்டுகளில், அதே மண்காப்பின் பெயரால், அந்நாட்டின் தென்மேற்கே நவஹோ என்னும் பழங்குடி மக்களுக்கு நேர்ந்ததையும் கூறுதல் வேண்டும்.

நவஹோ மக்களின் செல்வம் ஆடு. ஆட்டுமந்தைகள் பெரும்பாலும் பெண்களின் உடைமை. தாய்வழியே குடிப்பெயர் கொள்ளும் மக்கள் அவர்கள். மந்தை பெருத்துப் புல் குறைந்து நிலம் அரிக்கின்றது என்றும், அம்மண் கொலராடோ ஆற்றின் வழியே போய், புதிதாகக் கட்டப்பெறும் ஹூவர் அணையின் நீர்த்தேக்கத்தைத் தூர்த்துவிடும் என்றும் நிபுணர் கணக்கிட்டனர். 1933-இல் பழங்குடி விவகார ஆணையராய் வந்த ஜான் காலியர், மந்தைகளைக் குறைக்கவேண்டும் என முடிவு செய்தார். மண் அரிப்புச் சேவையின் நிபுணரும் அதற்குத் துணைநின்றனர். சில இடங்களில் ஆடுகளைச் சுட்டுக் கொன்று, பிணங்களை அப்படியே அழுகவிட்டனர். மந்தை பெரியவனும் சிறியவனும் ஒருதன்மையாய்க் குறைக்குமாறு செய்தபோது, பெரியவன் மெலிந்த ஆடுகளைக் கொடுத்துத் தப்பினான். சிறியவளோ பிள்ளைகளுக்குப் பால் தந்த ஆட்டையே இழந்தாள். ஆட்டுக்கும் அம்மக்களின் சமயத்துக்கும் குடும்பத்துக்கும் உள்ள உறவை அதிகாரிகள் கேட்டறிந்திலர். 1935-இல், பழங்குடியினர்க்கு நன்மை செய்வதாகக் காலியர் கொணர்ந்த சுயாட்சிச் சட்டத்தையே நவஹோ மக்கள் சிறு வாக்கு வேறுபாட்டில் தள்ளிவிட்டனர். அதற்கு ஆட்டுக்கோபம் ஒரு பெருங்காரணம். அத்துயரம் தலைமுறை கடந்தும் அவர்களாற் பேசப்படுகின்றது.

அன்பர்களே, இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அங்கு நிலம் நைந்திருந்தது மெய். மேய்ச்சல் மிகுந்திருந்தது என்பதும் நிபுணர் வீணாய்ப் புனைந்த பொய்யன்று. காலியரும் தீயவரல்லர், அம்மக்களின் உரிமைக்காகப் பல ஆண்டு வாதாடியவர். ஆயின், உண்மை தம்மிடத்தே இருக்கின்றமையால் மற்றவரைக் கேட்கவேண்டிய அவசியமில்லை என்று எண்ணினர். இவ்வெண்ணம் தீயோரைவிட நல்லோரையே எளிதிற் பற்றும். வட கரோலினா உழவனிடம் கையெழுத்துக் கேட்டு நின்ற அதே இலாகாவினர், அரிசோனாவின் ஆட்டுக்காரியிடம் கேட்கவில்லை. நிலத்துக்குப் பத்திரம் வைத்திருப்பவனை ஒரு கண்ணாலும், அதில் வாழ்பவளை மற்றொரு கண்ணாலும் நோக்கிய குற்றம் இது. பத்திரமின்றிப் பிறர் நிலத்தில் தலைமுறை தலைமுறையாய் வியர்வை சிந்தியவர்களின் மக்களாகிய நமக்கு, இக்குற்றத்தின் சுவை தெரியாததன்று.

இனி ஒரு தடை எழலாம். எல்லாரையும் கேட்டுக்கொண்டே இருந்தால், மழை பொறுத்திருக்குமா? ஓரங்குல மேல்மண் உண்டாகப் பல நூறாண்டுகள் வேண்டும். அதனை இழக்க ஓர் இரவு போதும். இன்றைய உழவன் சம்மதியாவிடில், இன்னும் பிறவாத உழவன் பட்டினி கிடக்கவேண்டுமா? அவனுக்கு வாக்குச் சீட்டு ஏது? நியாயமான தடையே இது. சம்மதம் ஒன்றே போதும் என்று யாமும் கூறவில்லை. அந்நாட்டாரும் இதனை உணர்ந்து, 1985-இல் ஒரு சட்டம் செய்தனர். எளிதில் அரிக்கும் நிலத்தை உழுபவன், மண்காக்கும் திட்டத்தைக் கைக்கொள்ளாவிடில், விவசாயத்துக்கெனச் சர்க்கார் கொடுக்கும் உதவிப் பணம் அவனுக்கு இல்லை என்பதே அது. உன் நிலத்தில் நுழைந்து உன்னைக் கட்டாயப்படுத்தமாட்டோம். பொதுப்பணம் வேண்டின், பொதுவில் வருங்காலத்தார்க்கு உரிய மண்ணைக் காத்துக்கொடு என்பது அதன் கருத்து. ஆடு சுட்ட துப்பாக்கிக்கும் இந்நிபந்தனைக்கும் உள்ள வேறுபாடு யாது? நிபந்தனை, பெறுகின்றவன் மேற் சுமத்தப்பட்டது. துப்பாக்கி, இருப்பதையும் இழக்கின்றவள்மேல் நீட்டப்பட்டது.

ஆகவே, பிறவாதவர்க்காகப் பேசுதல் தலைவனின் கடமையே. ஆயினும் அப்பேச்சின் செலவை யார் தலையிற் கட்டுகின்றான் என்று பார்த்தே அவனை மதிப்பிடவேண்டும். தன்னினும் வலியவரிடம் உண்மையைச் சொல்லி, அதனால் வரும் இன்னலைத் தான் ஏற்பவன் தலைவன். வலியவரிடம் வாய்பொத்தி, மெலியவரிடம் உண்மையைக் கோலாக ஓங்குபவன், எத்துணைப் பெரிய நாற்காலியில் அமர்ந்தாலும், வெறும் ஏவலாளனே.

இவ்வளவும் எழுதியபின், நம்மூர் மண்ணை மறத்தல் தகாது. இம்மலாய் நாட்டிலும், ரப்பர் நட்ட தொடக்ககாலத்தில், ஒரு புல்லும் தலைகாட்டாது களையெடுப்பதே நல்ல தோட்டத்துக்கு அடையாளமென எண்ணினர். அக்களையை எடுத்தவர் நம் பாட்டன் பாட்டிமாரே. சரிவுகளின் மண் கரைந்து ஆறுகள் மேடிட்ட பின்னரே, நிலத்தை மூடும் அவரையினக் கொடிகளை விதைக்கவும், சரிவுகளைப் படிபடியாய் வெட்டவும் கற்றுக்கொண்டனர். அப்பாடம் ஏட்டிலே நெடுநாளாய் இருக்கின்றது. எமது தோட்டத்தின் சரிவில் அது இல்லாமற்போனதற்கு, உத்தரவிட்டவரின் அறியாமை பாதிக் காரணம். அறிந்தும் எழுதிக்கொடுத்த எமது மௌனம் மறுபாதி.

கிராணி என்பவன் நடுவில் நிற்பவன். மேலிருந்து வரும் சொல்லைக் கீழே கொண்டுசெல்வது மட்டுமே தன் வேலை என்று அவன் நினைப்பது வழக்கம். கீழிருந்து வரும் சொல்லை மேலே கொண்டுசெல்லுதலும் தன் வேலையே என்று அவன் நினைப்பானாயின், அவ்வளவிலேயே அவன் தலைமையின் முதற்படியில் கால்வைத்தவனாவான். இது கிராணிக்கு மட்டுமன்று. கங்காணிக்கும், ஆசிரியர்க்கும், சங்கச் செயலாளர்க்கும், வீட்டுக்கு மூத்த பிள்ளைக்கும் ஒக்கும்.

சென்ற ஆண்டு மற்றொரு சரிவில் மறுநடவு வந்தது. அம்முறை யாம் மானேஜரிடம் சென்று, ஓடையோரத்தில் புல்லை விட்டுவைக்கவேண்டும் என்றும், இதனைச் சொன்னவர் இன்னார் என்றும், முன்னர் இதனைச் சொல்லாதது எம் பிழையென்றும் கூறினோம். அவர் சிறிது நேரம் எம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின், கேட்டதிற் பாதி அகலத்துக்கு ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு மழையில் ஓடை கலங்கிற்று. ஆயினும் செங்குழம்பாய் ஓடவில்லை. இதனைச் சொல்லப் பெரியவரைத் தேடிச் சென்றோம். அவர் தோட்டத்தைவிட்டு மகன் வீட்டுக்குப் பட்டணம் போய்ச் சில மாதமாயிற்று என்றனர். அவர் இருந்த லயத்து வாசலில், அவர் வைத்த முருங்கை நின்றது. அதன் அடியில் மண் கரையாதபடி, சுற்றிலும் கல் அடுக்கியிருந்தார்.